கீழ்வரிசைக்கு ஒரு மெத்தை

எங்கள் லேபில் இரண்டு டிரம்கள் உண்டு. நீல டிரம்மில் நல்ல தண்ணீர், பச்சை டிரம்மில் போரிலிருந்து வரும் உப்புத் தண்ணீர். தூத்துக்குடியில் பாதி வீடுகளில் இந்த ஏற்பாடு இருக்கும். குழம்பு வைக்க ஒன்று, பாத்திரம் கழுவ ஒன்று. எனக்குக் குழம்புக்குப் பதில் பிளாஸ்டர், அவ்வளவுதான் வித்தியாசம். பல்செட் வேலையில் பிளாஸ்டரை நல்ல தண்ணீரில்தான் கலக்க வேண்டும். போர் தண்ணீரில் கலந்தால் உப்பு அதை விரட்டோ விரட்டென்று விரட்டும். கிண்ணத்திலேயே இறுகும், இறுகிய பிறகு ஓரம் பொரிந்து உதிரும். வெளியூரில் டிப்ளமா படித்தபோது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அங்கே குழாயைத் திறந்தால் ஒரே தண்ணீர்தான் வரும்.

மில்லர்புரத்தில் ஒரு வீட்டு மாடியில்தான் லேப். கீழே வீட்டுக்காரர்கள், மேலே நானும் என் வேலையும். ஆள் வைத்துப் பார்த்தேன், யாரும் நிற்கவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் பேச்சு. பொய்யில்லை. கடைக்கார அப்பாவிடமிருந்து வியாபாரம் வரவில்லை, கோபம் மட்டும் வந்தது.

அன்று காலையில் நீல டிரம் காலி. நல்ல தண்ணீர் கேனுக்குச் சொல்லியிருந்தேன். உள் அறையில் பழைய வேலை ஒன்றைப் பாலிஷ் பண்ணிக்கொண்டிருந்தபோது மெஷின் சத்தத்தில் வெளியே யார் வந்ததும் கேட்கவில்லை. வேலை முடிந்து வந்து பார்த்தால் வாசலருகே நாற்காலியில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் செபமாலை, மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, சேலையில் முழங்கால் வரைக்கும் ஈரம். அந்த ஈரம் ஏன் என்று நான் கேட்டிருந்தால் அன்றைக்குப் பாதிக் கஷ்டம் இல்லை. டப்பாவைத்தான் கேட்டேன்.

உள்ளே ஈரப் பஞ்சில் சுற்றி ஒரு கீழ்வரிசைப் பல்செட். நான் வழக்கமாக வேலை வாங்கும் பல் டாக்டர் அனுப்பியது. அக்காவின் கணவருக்குக் கீழே ஒரு பல்கூட இல்லை. ஈறு எலும்பும் தேய்ந்து கத்தி முனை மாதிரி ஆகிவிட்டது. கெட்டியான பல்செட்டை வைத்துக் கடித்தால் உயிர் போகிற வலி. இந்த மாதிரி ஆட்களுக்குப் பல்செட்டின் அடியில், ஈறு படுகிற பக்கத்தில், சிலிக்கானில் மெத்தென்று ஒரு படலம் வைத்துக் கொடுப்போம். சீட்டில் சாஃப்ட் லைனர் என்று எழுதுவார்கள். நான் மெத்தை என்பேன். டாக்டர் அந்தப் பல்செட்டுக்குள்ளேயே மாவு வைத்து ஈறின் அச்சை எடுத்து அனுப்பியிருந்தார். சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று சீட்டில் அடிக்கோடு போட்டிருந்தது.

அடிக்கோட்டைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அப்படி என்ன அவசரம், கல்யாணமா என்று கேட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"நாளைக்கி விடிய அவிய சங்கு குளிக்கப் போவணும். பல்லு இல்லாம அந்தக் குழாயக் கவ்வ முடியல" என்றார்.

திரேஸ்புரத்து ஆள். படகில் கம்ப்ரசர் ஓடும்; அதிலிருந்து நீளமாக ஒரு குழாய் கடலுக்குள் போகும்; குழாயின் முனையில் இருக்கிற ரப்பரைப் பல்லால் கவ்விக்கொண்டு அதன் வழியாக மூச்சு விட்டபடிதான் கடலடித் தரையில் சங்கு தேடுவார்கள். ரப்பரைக் கவ்வப் பல் வேண்டும். ஒரு வாரமாக அடித்த காற்று அடங்கிக் கடல் தெளிந்திருந்தது. தெளிந்த தண்ணீர் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, விடியற்காலையில் நீ வராவிட்டால் உன் இடத்தில் வேறு ஆள் ஏறுவான் என்று சொல்லிவிட்டாராம்.

நான் உள்ளே போய் டாக்டருக்குப் போன் போட்டேன். இந்த மெத்தை சோறு தின்பதற்கு. கடலுக்கு அடியில் இழுபடுவதற்கு இல்லை, உங்களுக்குத் தெரியாதா என்று எகிறினேன். அவர் பொறுமையாகத்தான் பேசினார். பல்செட் போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லியாகிவிட்டதாம். அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டு, நாளைக்குக் கிடைக்குமா என்று கேட்டாராம். போன மாதம் இதே பல்செட்டோடு இறங்கி, வலி பொறுக்காமல் கடி தளர்ந்து, ரப்பர் நழுவி, மூச்சு இல்லாமல் ஒரேயடியாக மேலே வந்து மூக்கில் ரத்தம். "கொடுக்கலன்னாலும் அவர் போவார் மேடம். போறவருக்கு ஒழுங்கான ஒண்ணாவது வாயில இருக்கட்டும்" என்றார் டாக்டர். போனை வைத்துவிட்டேன்.

மெத்தை வேலையில் ஒரே ஒரு பயம்தான். சிலிக்கானும் பல்செட்டின் பிளாஸ்டிக்கும் இயல்பாக ஒட்டாது. நடுவே பசை தடவி, அழுத்தி, வெந்நீரில் வேகவைத்து ஒட்ட வைக்கிறோம். பசை தடவிய இடத்தில் ஒரு துளி ஈரமோ எண்ணெயோ தூசியோ பட்டால் அந்த இடம் ஒட்டாது. அன்றைக்கே தெரியாது. சில மாதம் கழித்து ஓரம் கிளம்பும். சாதாரண ஆள் என்றால் கிளம்பிய ஓரத்தை நாக்கால் நெருடிக்கொண்டு திரும்பி வருவார், நானும் மாற்றிக் கொடுப்பேன். இந்த ஆளுக்கு அது கடலுக்கு அடியில் கிளம்பினால், வாய்க்குள் ஒரு வழுக்கல் துண்டு சுருளும். கடி நழுவும். ரப்பர் போகும்.

வெளியே வந்தேன். நீல டிரம் விளிம்பு வரை நிறைந்திருந்தது. கீழ் வீட்டுக்கார அம்மா சில நாள் மாநகராட்சித் தண்ணீர் வந்தால் எனக்கும் சேர்த்துப் பிடித்து வைப்பார். அவர்தான் என்று நினைத்துக்கொண்டேன். மொண்டு கலந்தேன்.

பல்செட்டை பிளாஸ்க் என்கிற பித்தளைப் பெட்டியின் கீழ்ப்பாதியில் பிளாஸ்டருக்குள் பதிக்க வேண்டும், பற்கள் கீழே பார்க்க. பதித்தேன். சீக்கிரம் இறுகிற்று. வெயில் நாள், மொட்டைமாடியின் சூடு, அப்படித்தான் இருக்கும் என்று மேல்பாதிக்குக் கலந்தேன். கலக்கும்போதே கரண்டி கனத்தது. பெட்டியைத் தட்டித் தட்டிக் குமிழியை விரட்டுவதற்குள் கிண்ணத்தின் அடி சுட்டது. கைவேலைக்காரிக்கு இதற்கு மேல் தந்தி வேண்டாம். டிரம்மில் விரலை முக்கி நாக்கில் வைத்தேன். உப்பு.

"இதுல யாரு தண்ணி நெறச்சது?"

"நாந்தாம்ளா" என்றார் அக்கா, பாராட்டு எதிர்பார்க்கிற முகத்தோடு. "சும்மாதான உக்காந்திருக்கேன். டிரம்மு காலியா கெடந்துச்சி. கீழ மோட்டார் போட்டாவ, குழாய்ல தண்ணி விழுந்துச்சி. வெறுங்கையா இருப்பானேன்னு கொடத்துல பிடிச்சி ஊத்திட்டேன்."

திட்ட வாயெடுத்தேன். என்ன சொல்லித் திட்ட? இந்த ஊரில் தண்ணீர் வருகிற சத்தம் கேட்டால் யார் வீடு என்று யாரும் பார்ப்பதில்லை. காலிக் குடம் கண்ணில் பட்டால் கை தானாக நீளும். நானே கல்யாண வீட்டில் பட்டுச்சேலையோடு அடுத்தவர் அண்டாவை நிரப்பியிருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய் மேல்பாதிப் பிளாஸ்டரைக் குப்பையில் கொட்டினேன். அக்காவுக்கு என் முகத்தைப் பார்த்தே ஏதோ தப்பு என்று தெரிந்துவிட்டது. என்ன, ஏது என்று கேட்டு, உப்பு என்றதும் மாலையை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டார்.

கீழ்ப்பாதியை என்ன செய்வது? பல்செட் அதற்குள் இறுகிக் கிடந்தது. சுத்தியால் தட்டித்தான் எடுக்க வேண்டும். பல்செட்டோ தேய்ந்து மெலிந்தது. தட்டினால் பிளாஸ்டரோடு அதுவும் உடைய நிறைய வாய்ப்பு. உடைந்தால் மனுஷனுக்கு வாயில் ஒன்றுமே இல்லை. கீழ்ப்பாதி பற்களைத் தாங்கத்தான் போகிறது, மெத்தை படுகிற பக்கம் மேல்பாதி என்று கணக்குப் போட்டேன். பொரிந்து நின்ற ஓரத்தைக் கத்தியால் சீவி, பிரஷ் போட்டு, ஊதி, மறுபடி பிரஷ் போட்டேன். கேன் வந்ததும் மேல்பாதியை நல்ல தண்ணீரில் கலந்து ஊற்றினேன். அதற்குள் உச்சி வெயில் சாய்ந்துவிட்டது.

பெட்டியைத் திறந்து அச்சு மாவை எடுத்தேன். மெத்தைக்கு இடம் விட பல்செட்டின் உள்பக்கத்தைக் குடைந்தேன். இங்கே கை நடுங்கக் கூடாது. அதிகம் குடைந்தால் பல்செட் முறியும், குறைத்தால் மெத்தை கடதாசி கனம்தான் வரும். குடைந்த இடத்தைத் துடைத்து, காயவைத்து, பசை தடவினேன். தடவிய பிறகு மூச்சுக்கூட அந்தப் பக்கம் விடவில்லை. சிலிக்கானைக் குழாயிலிருந்து பிதுக்கி நிரப்பி, பெட்டியை மூடி, பிரஸ்ஸில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஓரமெல்லாம் வழிந்தது. வழிந்தால் நல்லது, உள்ளே நிறைந்துவிட்டது என்று அர்த்தம். கிளாம்ப் போட்டுத் தண்ணீர்ச் சட்டியில் இறக்கினேன். வேகவைக்க உப்புத் தண்ணீர் போதும். பச்சை டிரம்மில் மொண்டேன்.

சூட்டை மெல்ல ஏற்றி, கொதிக்கவிட்டு, கொதியில் நிறுத்தி வைக்க வேண்டும். அந்த நேரத்தில் செய்ய ஒன்றும் கிடையாது, காத்திருப்பதைத் தவிர. வேறு நாளென்றால் சோறு தின்பேன். அன்று இறங்கவில்லை. மின்சாரம் போய்விடுமோ என்று காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வாசலில், நான் சட்டியருகில். அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

வெந்து முடிந்து பெட்டியை எடுத்து மேஜையில் வைத்த நேரத்தில் அக்காவின் கணவர் வந்துவிட்டார். ஒல்லியான ஆள், தோள் மட்டும் அகலம். வாயைக் கையால் பொத்திக்கொண்டே பேசினார். கீழ்ப்பல் இல்லாத வாயை ஒரு பொம்பளை பார்க்கிறாளே என்று கூச்சம். சம்மாட்டி இரண்டு தடவை போன் பண்ணிவிட்டாராம், இன்னும் ஆகவில்லையா என்றார். ஆறவேண்டும் என்றேன். பெட்டி அது பாட்டுக்கு ஆற வேண்டும். அவசரத்துக்குத் திறந்தால் உள்ளே இருப்பது வளையும். சரி என்று நின்றார். நின்றவர் கண் நீல டிரம்முக்குப் போயிற்று.

"தண்ணில ஒரு முக்கு முக்குனா ஆறிரும்லா" என்று துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பெட்டியைத் தூக்கியே விட்டார்.

நான் எப்படிக் குறுக்கே போனேன் என்று தெரியவில்லை. டிரம்முக்கும் அவருக்கும் நடுவே நின்றேன்.

"கீழ வைங்க அண்ணாச்சி. முக்குனா ஒட்டுனது விட்டுரும். நீங்க அடியில கெடக்கும்போது விட்டா நானா வந்து தூக்குவேன்?"

கத்திவிட்டேன். கீழ் வீட்டு டி.வி. சத்தம் சட்டென்று குறைந்தது. அவர் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அக்கா தலையைத் தூக்கவில்லை. பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனார்.

ஆறிய பிறகு திறந்தேன். பிளாஸ்டரை உடைத்துப் பல்செட்டை எடுத்தேன். முழுசாக வந்தது. மெத்தை வழுவழுப்பாக, ஒரு குமிழி இல்லாமல். அப்பாடா என்று இருந்தது. ஓரத்து வழிசலைக் கத்திரியால் வெட்டி, கல்லால் தேய்த்துக்கொண்டே வந்தேன். இடது பக்கம், கடைசிப் பல்லுக்குப் பின்னால், விரல் நின்றுவிட்டது. நகம் உள்ளே போயிற்று. அரிசி முனை அளவு இடம். லென்ஸை எடுத்துப் பார்த்தேன். மெத்தைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே வெள்ளையாக, மணல் போல ஒரு துகள். கீழ்ப்பாதியின் ஓரத்திலிருந்து உதிர்ந்த பிளாஸ்டர்.

அதைப் பசை வைத்து மூடிவிடலாம். பாலிஷ் போட்டால் எந்த டாக்டர் கண்ணுக்கும் தெரியாது. தரையில் இருக்கிற ஆளுக்கு அது ஒன்றுமே பண்ணாது. இதையெல்லாம் நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். வெளியே வெயில் மஞ்சளாகிவிட்டது, அவர் படியேற இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. தலையைத் தூக்கினால் எதிரே அக்கா நிற்கிறார். எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை.

"என்னளா?"

காட்டினேன். லென்ஸையும் கொடுத்தேன். இந்த இடம் மட்டும் ஒட்டவில்லை, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். உப்புத் தண்ணீரால் வந்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன், ஆனால் அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மேலே போனது நான்தான் என்றும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"நாளைக்கிப் பிய்யுமா?"

"தெரியாதுக்கா. பிய்யாமலும் இருக்கும்."

கையை நீட்டினார். கொடுத்தேன், பார்க்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து. அவர் கட்டைவிரல் நகத்தை அந்த மூலையில் கொடுத்து, மீன் செவுளைப் பிடுங்குகிற மாதிரி ஒரே இழுப்பு இழுத்தார். மூலை கிளம்பி வந்தது. அதற்கு மேல் வரவில்லை. மற்ற இடம் நன்றாகப் பிடித்திருந்தது. அவர் விடவில்லை. முகம் சிவக்க, இரண்டு கையாலும் இழுத்தார். மெத்தை கிழிந்து பாதி அவர் கையோடு வந்தது. என் ஒரு நாள் வேலை. எனக்குத் துளிகூடக் கோபம் வரவில்லை.

"பிஞ்சி போச்சி" என்றார். மூச்சு வாங்கியது. "இன்னைக்கி ஆவாதுன்னு நீ அவியட்ட சொல்லு. நாஞ் சொன்னா கேக்க மாட்டாவ."

படியில் காலடி கேட்டது. அண்ணாச்சி உள்ளே வந்து மேஜையில் கிடந்ததைப் பார்த்தார். நான் சொன்னேன், சரியாக ஒட்டவில்லை அண்ணாச்சி, நாளைக்கு இல்லை, மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று. யார் கிழித்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கிழிந்த துண்டை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். வாயைப் பொத்திய கையை எடுத்துவிட்டார்.

"மேல வச்சே பிஞ்சிட்டு" என்றார். "நல்லதாப் போச்சி."

சம்மாட்டியிடம் போனில் வாங்கிக் கட்டிக்கொண்டே இறங்கிப் போனார். அக்கா பின்னால் போனார்.

இரண்டு நாள் கழித்து டாக்டரிடம் புதிதாக அச்சு எடுத்துக்கொண்டு அக்காதான் வந்தார். ஒரு கையில் டப்பா. இன்னொரு கையில் மூடி போட்ட எவர்சில்வர் குடம். திரேஸ்புரத்திலிருந்து ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். அவர்கள் தெருவில் வந்த நல்ல தண்ணீராம். "இதுல கலக்கு. நாக்குல வச்சிப் பாத்துட்டுதாங் கொண்டாந்திருக்கேன்" என்றார். என் நீல டிரம்மிலும் நல்ல தண்ணீர் நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் அதைத் தொடவில்லை, குடத்துத் தண்ணீரிலேயே இரண்டு பாதியையும் கலந்தேன். பிளாஸ்டர் தன் நேரத்தை எடுத்துக்கொண்டு நிதானமாக இறுகியது. அவர் பேச்சுக் கொடுத்தார். சம்மாட்டி ஏற்றிய வேறு ஆள் காதுவலி என்று ஒரே நாளில் படகை விட்டுப் போய்விட்டானாம். கடல் இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறதாம். அவர்களுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர், இருவரும் கடலுக்குப் போகவில்லை, அதை மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அன்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆறவிட்டுத் திறந்தேன். ஓரமெல்லாம் லென்ஸ் வைத்துப் பார்த்தேன், நகம் எங்கும் போகவில்லை. அக்கா பக்கத்திலேயே நின்றார்.

"இது பிய்யாதுல்லா?"

முடிந்த வேலையை இப்படிச் சோதிப்பது வழக்கம் இல்லை. இருந்தாலும் அவருக்காக, இடது பக்க மூலையை இரண்டு விரலால் பிடித்து இழுத்துக் காட்டினேன். பலமாக இழுத்தேன். வரவில்லை. அவரிடம் கொடுத்தேன். அவரும் இழுத்தார், அன்றைக்கு இழுத்த அதே கையால். மெத்தை நீண்டது, விட்டதும் சுருங்கித் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மறுபடி இழுத்தார். மூன்றாவது தடவை இழுக்கப் போனவர் நிறுத்திவிட்டார்.

எனக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. நல்லா வந்திருக்குக்கா, எந்த ஆழத்துக்கும் தாங்கும் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். நான் சொன்னதை அப்போதே திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கியிருப்பேன்.

அவர் பல்செட்டை ஈரப் பஞ்சில் சுற்றி, டப்பாவில் வைத்து, மூடியை அழுத்தினார். காலிக் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டார்.

"அப்பம் இனி அவிய போவாவ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.